பூனை போயிற்று, மூக்கடைப்பு போகவில்லை

பதினெட்டு ஆண்டுகளாகக் கொதிகலனோடு கோபித்துக்கொண்டும் கொஞ்சிக்கொண்டும் குடித்தனம் நடத்தும் விழாத் தலைவர், நம் சங்கத்தின் தூண், பாய்லர் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! என் வலப்பக்கத்தில் அமர்ந்து, நான் என்ன உளறப்போகிறேனோ என்று இப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் காது மூக்கு தொண்டை டாக்டர் அவர்களே! இந்தச் சங்கத்தைக் கண்ணின் மணியாகக் கட்டிக்காத்த மூத்தவர்களே! முதலில் வீட்டை எழுப்பி, பிறகு ஆலையை எழுப்பும் அதிகாலை ஷிப்டின் தாய்மார்களே! கலவைப் பிரிவின் காளையரே, கட்டும் பிரிவின் கைகாரிகளே, எடைமேடையின் நேர்மையாளர்களே! யாரையாவது விட்டுவிட்டேனா? விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய வரிசை மிக நீளம். அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சலவைத்தூளில் கறையைத் தின்னும் ஒரு பொடியைக் கலக்கிறோம். டாக்டர் அதை என்சைம் என்கிறார். நாம் கறைதின்னி என்கிறோம். அந்தப் பொடி மூட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது என் பிரிவின் வேலை. கொட்டிய வெறும் சாக்குகளை ஓரமாகச் சேர்த்துவைப்போம். ஷிப்ட் முடியும் நேரம், மதியம் ஒன்றரை மணிக்கு, இருபத்திரண்டு பேரும் வரிசையாக நின்று, சாக்கைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு உதறு, மூன்று அடி, மறுபடி ஓர் உதறு! ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிப் பொடியும் தொட்டியில் விழும். அந்த உதறலைக் கண்டுபிடித்தவள் யார்? நான். கற்றுக்கொடுத்தவள் யார்? நான். அதற்காக இதே மேடையில் 'சிக்கனச் செம்மல்' என்ற பட்டமும் ஒரு சுவர்க் கடிகாரமும் பெற்றுக்கொண்டவள் யார்? அதுவும் நான்தான். அதனால்தான் என் பெயர் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. உதறல் அக்கா என்றால்தான் தெரியும்.

ஐந்து ஆண்டுகளாக ஆண்டுதோறும் 'சிக்கனமே சிறப்பு' என்று இங்கே முழங்கிவிட்டு இறங்குவேன். இன்று அந்தத் தலைப்பில் பேச வாய் வரவில்லை. இன்று என் தலைப்பு, மூக்கு! ஆம், மூக்கேதான். சிரிக்காதீர்கள். இந்த மூக்கால் என் வீட்டில் ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்று தெரியாமல்தான் உங்கள் முன் நிற்கிறேன். அதை எந்த வரிசையில் சொல்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே முன்பின்னாக வந்தால் நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள்.

என் மகன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். அவன் மனைவி, என் மருமகள், நம் ஆலை எடைமேடையில் லாரிகளை எடைபோடுபவள். உங்களுக்கெல்லாம் தெரிந்த பெண்தான். வண்டி உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை, நிறைவண்டி, வெறுவண்டி. கழித்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கல்யாணமாகி வந்தபோது அவள் ஒரு பூனையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு அவள் வைத்த செல்லப்பெயர் மேனேஜர்.

ஐயா, கோபிக்காதீர்கள்! நான் வைத்த பெயர் இல்லை. நாள் முழுவதும் நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் வேலை செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்குமாம்; அதனால் அந்தப் பெயராம். மேலாளர் ஐயாவே சிரித்துவிட்டார். இனி நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம்.

மகனும் மருமகளும் இல்லாத நேரத்தில் பூனை அவர்களுடைய அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும். நான் இரண்டு மணிக்கே ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். மருமகள் ஆறு மணிக்கு வந்து அறைக் கதவைத் திறப்பாள். பூனை வெளியே வந்து, நேராக என் பக்கத்தில் ஏறி உட்காரும். ஏழு மணிக்கு என் மூக்கு அடைத்துக்கொள்ளும். சாதாரண அடைப்பா? இரண்டு துவாரத்துக்கும் சிமென்ட் பூசியதுபோல அடைப்பு! வாயால் மூச்சு, வாயால் தூக்கம், காலையில் நாக்கு காய்ந்த மட்டை. சமைத்தது கருகினாலும் தெரியாது, கெட்டுப்போனாலும் தெரியாது.

இப்போது சொல்லுங்கள் தோழர்களே. ஆறு மணிக்குப் பூனை, ஏழு மணிக்கு அடைப்பு. திங்களும் அப்படி, செவ்வாயும் அப்படி, புதனும் அப்படி. நீங்கள் என் இடத்தில் இருந்தால் யாரைப் பிடிப்பீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்! பூனையை. கேட்டீர்களா டாக்டர், மண்டபமே சொல்கிறது. நானும் பூனையைத்தான் பிடித்தேன்.

பாய்லர் அண்ணன் ஒரு துண்டுச் சீட்டு நீட்டுகிறார். படிக்கிறேன். "அக்கா, தலைப்பு சிக்கனம்." தெரியும் அண்ணே. அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன். வழிதான் கொஞ்சம் சுற்று.

ஒருநாள் நான் மருமகளிடம் சொன்னேன். நயமாகவா சொன்னேன்? இல்லை. "ஒண்ணு அந்தப் பூனை இருக்கணும், இல்ல என் மூக்கு இருக்கணும். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றேன். அவள் கோபப்படவில்லை. உள்ளே போய்த் தன் நாட்காட்டியை எடுத்துவந்தாள். ஒவ்வொரு தேதிக்கும் நேரே சின்னச் சின்னக் குறிகள். என் மூக்கு அடைத்த நாளுக்கு ஒரு புள்ளி, பாதி அடைத்த நாளுக்கு அரைவட்டம், அடைக்காத நாளுக்கு ஒரு வட்டம். மூன்று மாதமாகக் குறித்திருக்கிறாள்! எனக்குத் தெரியாமல் என் மூக்கை எடைபோட்டிருக்கிறாள்!

"அத்தை, கொஞ்சம் பாருங்க. ஞாயித்துக்கிழமை மேனேஜர் நாள் பூரா உங்க மடியிலதான் கிடக்குது. அன்னிக்குப் பார்த்தா அடைப்பு பாதிதான். ஆலை நாலு நாள் மூடியிருந்துச்சே, அந்த மூணாம் நாள், நாலாம் நாள் அடைப்பே இல்ல. பூனைதான் காரணம்னா அன்னிக்குத்தானே ஜாஸ்தி இருக்கணும்?"

எவ்வளவு தெளிவான பேச்சு! எவ்வளவு பணிவான பேச்சு! அதற்கு இந்தச் சிக்கனச் செம்மல் என்ன பதில் சொன்னாள் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. "லாரிக்கு எடை போடுற வேலையை லாரியோட வச்சுக்க. என் மூக்குல உன் மூக்கை நுழைக்காத" என்றேன்.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுபவர். நாற்பது பேரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வாய் திறக்காமல் ஓட்டுகிறவர். அவர்கூட அன்று, "நீ பேசுனது சரியில்ல" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் மருமகள் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பூனைக்கூடையுமாக, எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் வாடகை அறைக்குப் போய்விட்டாள். "நீங்க நல்லா மூச்சு விடணும் அத்தை, அதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். என் மகன் ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. மின்தூக்கி பழுது பார்க்கிறவன் தானே மேலும் கீழுமாக அலைகிறான்.

சரி, பூனை போயிற்று. மெத்தையை வெயிலில் போட்டேன். திரைச்சீலையைத் துவைத்தேன். நாற்காலியைத் தேய்த்துக் கழுவினேன். ஒரு முடி இல்லை, ஒரு தடம் இல்லை. அன்று மாலை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ராணிபோல உட்கார்ந்தேன். மணி ஆறு. ஆறரை. ஏழு. அடைத்துக்கொண்டது! அதே மூக்கு, அதே நேரம், அதே அடைப்பு! முதல் வாரம் 'மிச்ச முடி' என்றேன். இரண்டாம் வாரம் 'பக்கத்து வீட்டு நாய்' என்றேன். மூன்றாம் வாரம் என் வீட்டுக்காரரை முகர்ந்து பார்த்தேன். அவர் "என்னையும் அனுப்பிடப் போறியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை தோழர்களே. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. பழி சுமந்தவள் போய்விட்டாள், பழி மட்டும் போகவில்லை.

அப்போதுதான் நம் சங்கம் மருத்துவ முகாம் நடத்தியது. இந்த டாக்டர் என் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்சதை வெளுத்து வீங்கிக் கிடக்கிறது என்றார்.

"வேலை இடத்துல தும்முவீங்களாம்மா?"

"தும்முவோம் டாக்டர். சாக்கு உதறும்போது எல்லாருமே தும்முவோம். பத்து நிமிஷத்துல சரியாயிடும். அதெல்லாம் ஒரு விஷயமா?"

நீங்களே சொல்லுங்கள். கறைதின்னிப் பிரிவில் தும்மல் ஒரு விஷயமா? புதிதாக வந்தவன் மூன்றாம் மாதம் முதல் தும்மல் போட்டால் "இப்பத்தான் நம்மாளு ஆனான்" என்று முதுகில் தட்டுவோமே! தும்மினால்தான் தொழிலாளி என்றிருந்தோமே! டாக்டர் முகம் மட்டும் மாறிவிட்டது. "மொத மூணு மாசம் தும்மலையா? அதுக்கப்புறம்தான் தும்முறாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒருநாள் என் முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லக் குத்தி, கால் மணி நேரம் காத்திருந்தார். ஒரு சொட்டு பூனைக்கு. ஒரு சொட்டு தூசிப் பூச்சிக்கு. ஒரு சொட்டு நம் கறைதின்னிக்கு. தூசிப் பூச்சி பேசாமல் இருந்தது. பூனை இருந்த இடத்தில் கொசு கடித்ததுபோல ஒரு சின்னத் தடிப்பு. கறைதின்னி இருந்த இடத்தில் சட்டைப் பொத்தான் அளவு வீக்கம்! அரிப்பு தாங்கவில்லை.

"அப்போ பூனையும் குத்தவாளிதானே டாக்டர்?" என்று ஆவலோடு கேட்டேன். தோழர்களே, அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பங்குதாரி தேவைப்பட்டாள். டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். இதோ அந்தத் தாள். இதில் பத்தொன்பது அம்புக்குறிகள் இருக்கின்றன. எண்ணிவிட்டேன், அதற்குமேல் போகவில்லை. இரண்டு வாரமாக இதை நேராகவும் தலைகீழாகவும் வைத்துப் பார்க்கிறேன். எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். தவறினால் டாக்டர் தொண்டையைச் செருமட்டும்.

கறைதின்னி என்ன செய்யும்? துணியில் ஒட்டிய புரதத்தைக் கடித்துத் துண்டாக்கும். மூக்கின் உள்தோல் எதனால் ஆனது? அதுவும் புரதம்தான். கறைக்கும் மூக்குக்கும் வித்தியாசம் பார்க்க அந்தப் பொடிக்குக் கண்ணா இருக்கிறது? உள்தோலின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கடிக்கிறது. கடிபட்ட செல்கள் சும்மா இருக்குமா? 'ஐயோ, யாரோ உள்ளே வருகிறார்கள்' என்று சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதிதான் சைட்டோகைன். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மூலக்கூறு. ஒரு செல் எழுதும், இன்னொரு செல் படிக்கும். உடம்பெல்லாம் இந்தக் கடிதப் போக்குவரத்து ஓயாமல் நடக்கிறதாம்!

அந்தச் சேதியைப் படித்த காவல் செல்கள் தாங்களும் சேதி எழுதுகின்றன. அந்தச் சேதிகளுக்குப் பெயர் இன்டர்லூக்கின் நாலு, இன்டர்லூக்கின் ஐந்து, இன்டர்லூக்கின் பதின்மூன்று. "நடுவுல ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் எங்க டாக்டர்?" என்று கேட்டேன். "அவங்களுக்கு வேற வேலைம்மா, இப்ப அவங்களை இழுக்காதீங்க" என்றார். சரியென்று விட்டுவிட்டேன்.

நாலு என்ன சொல்கிறது? 'இந்தப் பொடியை அடையாளம் காட்டும் எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்' என்கிறது. அது தயாராக வாரமாகும், மாதமாகும். அதனால்தான் முதல் மூன்று மாதம் தும்மல் இல்லை! தயாரான எதிர்ப்புப் பொருள் போய் மூக்கில் மாஸ்ட் செல் என்ற செல்லின்மேல் ஏறி உட்கார்ந்து காத்திருக்கிறது. ஒருநாள் மதியம் ஒன்றரை மணிக்கு நான் சாக்கை உதறுகிறேன். இரண்டு உதறு, மூன்று அடி. பொடி வருகிறது. மாஸ்ட் செல் தன் பையை அவிழ்த்துக் கொட்டுகிறது. அதில் ஹிஸ்டமின் இருக்கிறது. அரிப்பு! நீர்! தும்மல்! அதுதான் நாம் தட்டிக்கொடுத்துக் கொண்டாடிய தும்மல்.

பத்து நிமிடத்தில் அது அடங்குகிறது. நாம் கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஆனால் சேதி அடங்கியதா? இல்லை! கடிதங்கள் கிளம்பிவிட்டன! ஐந்து என்கிற சேதி, ஈசினோபில் என்ற படையைக் கூப்பிடுகிறது. வந்த படை சீக்கிரம் சாகாமல் பார்த்துக்கொள்கிறது. பதின்மூன்று என்கிற சேதி, சளியை ஊறவை, ஊறவை என்கிறது. கூப்பிட்ட படை உடனே வந்துவிடுமா? ரத்தத்தில் நடந்து, குழாய்ச் சுவரைத் தாண்டி, மூக்குக்கு வந்துசேர நாலு மணி, ஐந்து மணி, ஆறு மணி நேரம் ஆகிறது. ஒன்றரையோடு ஐந்தரையைக் கூட்டுங்கள் தோழர்களே! கூட்டுங்கள்! எத்தனை?

ஏழு! ஏழு மணி!

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்களே, அது இதுதான். ஆறு மணிக்குக் காக்கை உட்கார்ந்தது. பழம் ஒன்றரை மணிக்கே காம்பு அறுந்துவிட்டது. நான் காக்கையை விரட்டினேன்.

டாக்டரைப் பார்க்கும் முன் நானே மருந்துக்கடையில் தும்மல் மாத்திரை வாங்கிப் போட்டுவந்தேன்; தும்மல் நின்றது, அடைப்பு ஏன் நிற்கவில்லை? அதற்கும் டாக்டர் பதில் சொன்னார். அந்த மாத்திரை ஹிஸ்டமினைத்தான் தடுக்குமாம். ஊர்கூட்டும் சேதிகளை அது தொடாதாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சேதிகளை அடக்க மூக்கில் அடிக்கும் மருந்து வேறு. அதையும் நான் முன்பே இரண்டு நாள் அடித்துவிட்டு, "ஒண்ணும் ஆகல" என்று அலமாரியில் வைத்தவள். அது நாள் தவறாமல் வாரக்கணக்கில் அடிக்கவேண்டிய மருந்தாம். சிக்கனமாக அடித்திருக்கிறேன், பாருங்கள்.

இனிமேல்தான் என் பெரிய குழப்பம். நான் கேட்டேன்: "யார் மேலதான் தப்பு டாக்டர்? அந்த நாலும் அஞ்சும் பதிமூணும்தான் அயோக்கியனுங்களா?"

"இல்லம்மா. குடல்ல புழு வந்தா விரட்டுறதுக்கு உடம்பு வச்சிருக்கிற ஏற்பாடு அது. நல்லவங்கதான்."

"அப்போ பொடி?"

"அது கறையைக் கடிக்கிற பொடி. அதோட வேலையை அது செய்யுது."

"அப்போ பூனை?"

"உங்க மூக்கு ஏற்கெனவே சேதியில கொதிச்சுக்கிட்டு இருக்கு. கொதிக்கிற மூக்கு எதைப் பார்த்தாலும் சண்டைக்குப் போகும். கொஞ்சூண்டு பூனை முடிக்குக்கூட வீங்கும். ஆறிப்போன மூக்கா இருந்தா அதே பூனையைக் கண்டுக்காமலும் விட்டுடலாம். உங்க விஷயத்துல பழக்கிப் பார்த்தாத்தான் தெரியும்."

கேட்டீர்களா? பூனை பாதி நிரபராதி! ஒரேயடியாகக் குற்றமில்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன். ஒரேயடியாகக் குற்றம் என்று சொல்லியிருந்தால் தலைநிமிர்ந்து வந்திருப்பேன். இரண்டும் இல்லை. சேதி சொன்னவன் நல்லவன், சேதி கேட்டவன் நல்லவன், படை நல்ல படை, பொடி நல்ல பொடி, பூனை பாதி நல்ல பூனை. எல்லோரும் நல்லவர்கள்; என் மூக்கு மட்டும் ஏன் அடைத்திருக்கிறது? எல்லோரும் அவரவர் கடமையைச் செய்தார்கள். என் வீடு மட்டும் ஏன் காலியாக இருக்கிறது?

ஆலையிலிருந்து வீட்டுக்கு நடந்துபோகும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு போனேன். கேட்டுக் கேட்டு ஓர் இடத்தில் நின்றேன். பொடி தானாகப் பறந்து என் மூக்குக்குள் வரவில்லையே! மூட்டையில் அது சாதுவாகத்தானே இருந்தது! அதைப் பறக்கவிட்ட கை ஒன்று இருக்கிறதே! இரண்டு உதறு, மூன்று அடி, மறுபடி ஓர் உதறு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை தோழர்களே. ஐந்து ஆண்டுகளாக, ஒரு பிடிப் பொடியை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, இருபத்திரண்டு பேர் மூக்கிலும் நான்தான் பொடி போட்டிருக்கிறேன்.

நான் ஒரு கேள்வி கேட்கிறேன். கறைதின்னிப் பிரிவு மட்டும் பதில் சொன்னால் போதும். மாலையில் மூக்கு அடைக்கிறவர்கள் கை தூக்குங்கள். வெட்கப்படவேண்டாம். மூன்று... ஐந்து... அங்கே தூணுக்குப் பின்னால் ஒரு பாதிக் கை. முழுசாகத் தூக்கு தம்பி, பிரிவை மாற்றிவிடுவார்கள் என்று பயமா? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒன்பது... பதினொன்று. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு. நீங்கள் வீட்டில் யாரைப் பிடித்தீர்கள்? என்னது? தலையணையையா? நீ? குளிர்ந்த தண்ணீரையா? அந்த அக்கா? மாமியார் பூசும் தைலத்தையா! கேளுங்கள் டாக்டர், கேளுங்கள்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாம் அத்தனை பேரும் கூடத்தைத்தான் இடித்துக்கொண்டிருக்கிறோம்!

பாய்லர் அண்ணனே, உங்கள் சீட்டுக்கு இப்போது வந்துவிட்டேன். தலைப்பு சிக்கனம்தானே? அந்தச் சிக்கனச் செம்மல் முன்மொழிகிறேன். நாளை முதல் நம் ஆலையில் சாக்கு உதறக்கூடாது! உதறல் வேண்டாம், உறிஞ்சும் இயந்திரம் வேண்டும்! திறந்த தொட்டி வேண்டாம், மூடிய தொட்டி வேண்டும்! கைக்குட்டை வேண்டாம், முகத்தோடு பொருந்தும் முகமூடி வேண்டும்! மூக்கு அடைத்தவர்களுக்கு வேலைக் கதவை அடைக்கவும் கூடாது. தூசியில்லாத பிரிவில் வேலை தரவேண்டும்! மேலாளர் ஐயா, கடைசிப் பொடி சாக்கோடு போகட்டும். அது போனால் ஆலை மூழ்காது. எங்களுக்கு மூச்சு போனால் முழுப் பொடியையும் கொட்ட ஆள் இருக்காது. ஐயா தலையை ஆட்டுகிறார். ஆமாம் என்று ஆட்டுகிறாரா, ஐயோ என்று ஆட்டுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே.

இரண்டு வாரமாக என்னை அட்டை ஒட்டும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மருந்தும் நாள் தவறாமல் அடிக்கிறேன். முந்தாநாள் மாலை ஏழு மணிக்கு மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. இரண்டு துவாரத்திலும்! கதவுக்கு எண்ணெய் விட்ட வாசனைகூட வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த நாற்காலியில் பூனையும் இல்லை, அறையில் அவளும் இல்லை. அந்த ஏழு மணியைப்போல ஓர் ஏழு மணி எனக்கு வேண்டாம்.

மருமகளே! வாசல் பக்கம் நிற்கிறாய், பார்த்துவிட்டேன். போகாதே. நீ கழித்துப் பார்த்தது சரி. உன் புள்ளியும் வட்டமும் சரி. டாக்டர் பத்தொன்பது அம்பு போட்டுக் காட்டியதை நீ ஒரு நாட்காட்டியில் காட்டினாய். நான்தான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆக்கிவிட்டேன். இந்தச் சபை சாட்சியாக, இந்தச் சங்கம் சாட்சியாக, இத்தனை தாய்மார் சாட்சியாக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டுக்கு வா! பூனையோடு வா! அது என் படுக்கையறைக்குள் வராமல் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். மூக்கு அடைத்தால் அடைக்கட்டும், மருந்தடித்துக்கொள்கிறேன்! வா மகளே, வா!

கைதட்டலை நிறுத்துங்கள், நிறுத்துங்கள். அவள் ஏதோ சொல்கிறாள். சத்தமாகச் சொல்லும்மா.

இன்னொரு முறை சொல்லு.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அத்தை, என்னைப் போன்னு சொன்னது நாலு சுவத்துக்குள்ள. வான்னு சொல்றது மட்டும் எதுக்கு இத்தனை பேர் முன்னாடி? இவ்ளோ பேர் கைதட்டும்போது, எனக்கு இஷ்டமில்லைன்னா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

 

அவள் சொல்வது சரி. இதையும் அவள்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. நான் உங்கள் எல்லோரையும் கூட்டிவந்து அவள்முன் நிறுத்திவிட்டு, அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் வருவாளா, தெரியாது. மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வேன், அதுவும் தெரியாது. அதைச் சொல்லக்கூட அவளுக்கு ஒரு மூலை வேண்டும். அதை நான் மைக்கில் கேட்கமுடியாது.

ஆகவே முடிக்கிறேன். தீர்மானத்தைத் தலைவர் வாக்குக்கு விடுவார். என் கையை இப்போதே தூக்கிவிட்டேன், எண்ணிக்கொள்ளுங்கள். உளறலைத் திருத்தாமல் பொறுத்த டாக்டருக்கு நன்றி. தலைப்பை மீறியும் ஒலிபெருக்கியைப் பிடுங்காத பாய்லர் அண்ணனுக்கு நன்றி. பெயரைப் பகிர்ந்துகொண்ட மேலாளர் ஐயாவுக்கு நன்றி. கை தூக்கிய பதினொரு பேருக்கும் நன்றி. என் மருமகளுக்குச் சொல்லவேண்டியதை அவள் நிற்கும் இடத்துக்குப் போய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறேன். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். மற்ற அனைவருக்கும் வணக்கம்.